தெருமுனையும் துணிக்கொடியும்

அன்புள்ள அக்கா,

நீங்கள் முன்பு எழுதியதைப் படித்துவிட்டுத்தான் அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்துப் போதைப்பொருள் வியாபாரத்தைக் காட்டும் ‘தி வயர்’ தொடரைப் பார்க்க ஆரம்பித்தேன். இப்போது மூன்றாம் சீசனின் பாதியில் நிற்கிறேன். ஒரே கும்பலை நடத்தும் ஸ்ட்ரிங்கர் ஒரு பக்கம், ஏவன் ஒரு பக்கம், நடுவில் அவர்களுக்குப் போட்டியாகப் புதிதாக மார்லோ. பதற்றம் ஏறிக்கொண்டே போகிறதே தவிர, எதுவும் வெடிக்கமாட்டேன் என்கிறது. பொறுமை போய் இப்போதெல்லாம் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டிப் பார்க்கிறேன். நான்காம் சீசன்தான் உச்சம் என்கிறார்கள். நேராக அதற்குத் தாவிவிடலாமா? அப்புறம், போதைப்பொருள் விற்கிற ஏரியாவில் ஆட்கள் எப்போதும் இப்படித்தானே அடித்துக்கொள்வார்கள், அதை ஏன் இத்தனை மணி நேரம் காட்ட வேண்டும்? அவர்கள் பேசுவதும் பாதி புரியவில்லை.

ஆர்., கோவை

அன்புள்ள தம்பி,

பேச்சு புரியாததெல்லாம் ஒரு பிரச்சினையே இல்லை. சப்டைட்டில் போட்டுக்கொள்ளுங்கள், நாலு எபிசோடில் காது பழகிவிடும். ஆனால் ஒன்றரை மடங்கு வேகம் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் கோபம் வந்தது. அப்படி ஓட்டினால் முதலில் தொலைவது ஒருவன் பேசாமல் நிற்கிற நேரம். முதல் சீசனில் முற்றத்து நடுவில் கிடக்கும் அந்த ஆரஞ்சு நிற சோபாவை நினைத்துப் பாருங்கள். அதில் உட்கார்ந்து யாரும் எதுவும் பேசாத நிமிடங்களில்தான் அங்கே விற்பனையைக் கவனிக்கும் டி’ஏஞ்சலோவின் மனம் மாறுகிறது. அதை ஓட்டிவிட்டு, பிறகு ஒன்றுமே நடக்கவில்லை என்று எனக்குக் கடிதம் போட்டால் நான் என்ன செய்வது?

சரி, அதை விடுங்கள். ‘எப்போதும் இப்படித்தானே அடித்துக்கொள்வார்கள்’ என்ற வரியை மட்டும் என்னால் விட முடியாது. இரண்டு வாரமாக நானே அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மூன்றாம் சீசன் எப்படித் தொடங்குகிறது? ஏழைகள் குடியிருந்த அடுக்குமாடிக் கட்டடத்தை வெடி வைத்துத் தகர்க்கப் போகிறார்கள். மேயர் மேடையேறிப் பேசுகிறார். ஊரே வேடிக்கை பார்க்க வந்திருக்கிறது. பூட் என்ற பையன் அங்கே கழிந்த தன் நாட்களைச் சொல்லி வருத்தப்பட்டுக்கொண்டு வருகிறான். கூட வரும் நண்பன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கட்டடம் சரிகிறது. கைதட்டிய கூட்டத்தின் மேலேயே தூசி வந்து கவிகிறது.

நீங்கள் சொல்லும் பதற்றம் முழுக்க அந்தத் தூசியிலிருந்து கிளம்பியதுதான் தம்பி. அதுவரை அந்தக் கட்டடங்களில் விற்றவர்களுக்கு அங்கே ஓர் இடம் இருந்தது. இப்போது தெருமுனை தேட வேண்டும். எந்த முனைக்குப் போனாலும் அங்கே ஏற்கெனவே ஒருவன் நிற்கிறான். மார்லோவின் ஆட்கள் விலக மறுக்கிறார்கள். நல்ல சரக்கு கையில் இருந்தால் போதும், இடத்துக்காகச் சாக வேண்டாம் என்கிறான் ஸ்ட்ரிங்கர். இடம் போனால் பேரும் போய்விடும் என்று நினைக்கிறான் ஏவன். சின்ன வயதிலிருந்து ஒன்றாக வளர்ந்த இரண்டு பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல் போகிறது. இதில் ‘எப்போதும்’ எங்கே இருக்கிறது?

தொடரை எழுதியவர்களுக்கு இது தெரியும். டேவிட் சைமன் பால்டிமோரில் பத்து வருஷத்துக்கு மேல் குற்றச்செய்தி எழுதிய நிருபர். எட் பர்ன்ஸ் அதே ஊர் போலீசில் துப்பறிவாளர், பின்னால் பள்ளி ஆசிரியர். நிஜத்திலேயே அந்த ஊரில் லஃபாயெட் கோர்ட்ஸ் கட்டடங்களை 1995-லும் லெக்சிங்டன் டெரஸை 1996-லும் வெடி வைத்துத் தகர்த்தார்கள். 1950-ல் ஒன்பதரை லட்சம் பேர் வாழ்ந்த ஊர் 2000-ல் ஆறரை லட்சமாகச் சுருங்கியிருந்தது. கறுப்பினத்தவர் எந்தத் தெருவில் குடியேறலாம், எதில் கூடாது என்று 1910-லேயே சட்டம் போட்ட நகரம் அது. அந்தத் தெருமுனைகளுக்குப் பின்னால் இவ்வளவும் இருக்கிறது. நீங்கள் ‘அந்த ஏரியா ஆட்கள்’ என்று ஒரே வார்த்தையில் கடந்துவிட்டீர்கள்.

சின்ன வயதில் நாங்கள் திருவல்லிக்கேணியில் ஒரு ஸ்டோரில் குடியிருந்தோம். ஒன்பது குடித்தனம், ஓர் அடிபம்பு, முற்றத்தில் ஒரே துணிக்கொடி. எதிர்வீட்டு மாமியும் அம்மாவும் ஏழு வருஷம் அந்தக் கொடியைப் பகிர்ந்துகொண்டார்கள். எனக்கு அம்மை போட்டபோது வேப்பிலை கொண்டுவந்து படுக்கையைச் சுற்றி வைத்தவர் அந்த மாமிதான். பிறகு வீட்டுக்காரர் இடத்தை விற்கப்போவதாகச் சொன்னார். ஒவ்வொரு வீட்டிலும் தனித்தனியாகப் பேசினார். யாருக்கு எவ்வளவு பணம், யாருக்கு எத்தனை நாள் தவணை என்பது அடுத்த வீட்டுக்குத் தெரியாது. ஒரு மாதத்துக்குள் பம்படியில் குடங்கள் மோத ஆரம்பித்தன. ஒரு நாள் அம்மாவின் ஈரப்புடவை கொடியிலிருந்து எடுக்கப்பட்டு மாடிப்படியில் கிடந்தது. அன்று அந்த இரண்டு பேரும் போட்ட சண்டையை இன்றைக்கும் என்னால் நினைக்க முடியவில்லை. நாங்கள் காலி செய்த காலையில் மாமி கதவைத் திறக்கவில்லை. வண்டி கிளம்புகிறவரை அம்மா அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு வாரம் முன்பு அந்தத் தெரு வழியாகப் போனேன். ஸ்டோர் இருந்த இடத்தில் நாலு மாடி நிற்கிறது. அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தது ஞாபகம் வந்தது: ‘கொடியில பாதி நம்மளதுதானேடி.’ வீட்டுக்காரரைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை.

நான்காம் சீசனுக்குத் தாவ வேண்டாம். வெடிக்குமா, யாருக்கு என்ன ஆகும் என்பதை நான் சொல்ல மாட்டேன். இன்று ராத்திரி மூன்றாம் சீசனின் அந்த முதல் காட்சியைச் சாதாரண வேகத்தில் மறுபடியும் பாருங்கள். மேயர் பேசுவதை விடுங்கள். பூட் என்ன சொல்லிக்கொண்டு வருகிறான் என்று கேளுங்கள். கேட்டுவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா