பரணில் கிடக்கும் ரிக்

அன்புள்ள சார்,

ஹாம் ரேடியோ (லைசென்ஸ் வாங்கிப் பொழுதுபோக்காக வயர்லெஸ்ஸில் பேசுவது) பற்றிப் போகிற போக்கில் நீங்கள் எழுதியிருந்த ஒரு வரியைப் படித்ததிலிருந்து இதைக் கேட்க வேண்டும் என்றிருந்தேன். நானும் ஒரு காலத்து ஹாம்தான். மோர்ஸ் தந்திக் குறி படித்து, சென்னைக்குப் போய்ப் பரீட்சை எழுதி, லைசென்ஸ் கைக்கு வந்தது 1995-ல். மொட்டை மாடியில் டைபோல் ஆன்டெனா கட்டினேன். ஆரம்பத்தில் ராத்தூக்கமே கிடையாது. 97 வாக்கில் கல்யாணம், டிரான்ஸ்பர். ரிக், அதாவது ரேடியோ செட், பரணுக்குப் போய்விட்டது. என்னோடு பரீட்சை எழுதியவர்களும் இப்போது யாரும் பேண்டில், அதாவது ஹாம் அலைவரிசைகளில், இல்லை. சுனாமி சமயத்தில் ஹாம்கள் செய்த சேவையைப் பேப்பரில் படித்தபோது வெட்கமாக இருந்தது. அவ்வளவு ஆசையோடு வந்தவர்கள் ஏன் விட்டுப்போகிறோம்? செல்போன்தான் காரணமா? சீக்கிரம் ரிடையர் ஆகப்போகிறேன். மறுபடி ஆரம்பிக்கலாமா?

கே.ஆர்., கும்பகோணம்

அன்புள்ள கே.ஆர்.,

செல்போன் காரணம்தான், ஆனால் ஜப்பானுக்கு. ஒரு காலத்தில் ஹாம்கள் மிக அதிகமாக இருந்த நாடு அது. 1995 வாக்கில் அங்கே 13 லட்சத்துக்கும் மேல் நிலைய லைசென்ஸ்கள் இருந்தன. இப்போது 4 லட்சத்துக்கும் கீழே. மோர்ஸ் இல்லாமலே அடிப்படை லைசென்ஸ் கிடைத்ததால், காரிலும் கையிலும் சின்ன செட் வைத்துக்கொண்டு நண்பர்களோடு அரட்டை அடிக்க வந்த இளைஞர்கள் ஏராளம். அவர்களுக்குத் தேவைப்பட்டது ஒரு போன். அது வந்ததும் போய்விட்டார்கள். உங்கள் கதை அப்படியில்லை. 97-ல் கும்பகோணத்தில் யார் கையில் செல்போன் இருந்தது?

அப்போது பேண்டில் என்ன பேசினீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். சிக்னல் ஃபைவ் நைன் (நன்றாகக் கேட்கிறது), பெயர் இன்னது, ஊர் இன்னது, ரிக் இது, ஆன்டெனா இது, இங்கே நல்ல மழை, 73 (வாழ்த்துகள்). அரசியல் கூடாது, வியாபாரம் கூடாது, பாட்டுப் போடக் கூடாது. ஆக, ரேடியோவில் ரேடியோவைப் பற்றித்தான் பேச முடியும். பேச்சுக்காக வருகிறவருக்கு இது சீக்கிரமே சலித்துவிடும். ஒரு கம்பியைக் கட்டிக் கொஞ்சம் வாட்டில் பேசினால் எங்கோ இத்தாலியில் ஒருவர் காதில் விழுமா என்ற கேள்வியோடு வருகிறவருக்கும் விழுகிறது என்று தெரிந்த பிறகு வேலை முடிந்த மாதிரிதான். இன்னும் சில நாடுகள், பேசியதற்கு அத்தாட்சியாக இன்னும் சில கியூஎஸ்எல் கார்டுகள், அவ்வளவுதான். நேற்று கேட்ட ஸ்டேஷன் இன்று ஏன் கேட்கவில்லை என்ற இரண்டாவது கேள்வி யாருக்கு வருகிறதோ அவர்தான் தங்குகிறார். எல்லோருக்கும் அது வர வேண்டும் என்று கட்டாயமா என்ன?

உங்கள் விஷயத்தில் சூரியனும் சேர்ந்து சதி செய்திருக்கிறது. சூரியப் புள்ளிகள் சுமார் 11 வருடச் சுழற்சியில் கூடிக் குறைகின்றன. கூடும்போது அயனி மண்டலம் கெட்டிப்பட்டு உயர்ந்த அலைவரிசைகளையும் திருப்பி அனுப்பும். 10 மீட்டர் பேண்டில் சின்ன பவரிலேயே கண்டம் தாண்டலாம். 1989 வாக்கில் உச்சம், 1996-ல் அடிமட்டம். திருவிழா முடிந்த மறுநாள் ஊருக்கு வந்தவர் மாதிரி நீங்கள் 95-ல் வந்திருக்கிறீர்கள். பேண்ட் காலியாகக் கிடந்ததைப் பார்த்து நம் ஆர்வம்தான் வற்றிவிட்டது என்று நினைத்துக்கொண்டவர்கள் அப்போது பலர் இருந்திருப்பார்கள். 2000, 2001-ல் மறுபடி உச்சம் வந்தது. அப்போது உங்கள் ரிக் பரணில்.

விடாமல் இருப்பவர்களில் பாதிப் பேர் கையில் சால்டரிங் அயர்ன் வைத்திருப்பவர்கள் என்பது என் கணிப்பு. ஹைதராபாத்தின் அஷர் ஃபர்ஹான் 2003-ல் வடிவமைத்த பிட்எக்ஸ் ரிக்கைப் பாருங்கள். வெளிநாட்டு டொராய்டு (சுருள் சுற்றும் வளையம்) கிடைக்காதவர்களுக்காகத் தண்ணீர்க் குழாய் வாஷரில் சுருள் சுற்றச் சொன்ன டிசைன் அது. அதைக் கட்டியவருக்கு அடுத்த வாரம் செய்வதற்கு ஏதாவது பாக்கி இருந்துகொண்டே இருக்கும். கடையில் வாங்கி வந்து பேசுகிறவருக்கு அந்த வசதி இல்லை.

சுனாமி பற்றிய வெட்கத்தை விட்டுவிடுங்கள். 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற ஹாம் போர்ட் பிளேருக்குப் போனது சேவைக்காக அல்ல. அந்தமானிலிருந்து பல வருடங்களாக யாரும் ஒலிபரப்பாததால், அந்தத் தொடர்புக்காக உலகம் முழுக்க ஹாம்கள் ஏங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்காக, சுத்தமான விளையாட்டுக்காகத்தான் போனார். 26-ஆம் தேதி கடல் பொங்கியது. விளையாட்டுக்குக் கட்டிய ஆன்டெனா உயிர் பிழைத்தவர்களின் செய்தியை வெளியுலகத்துக்குக் கொண்டுபோனது. பேரிடரைச் சொல்லி ஆள் சேர்ப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. அப்படி வருகிறவர்கள் பேரிடர் இல்லாத நாட்களில் என்ன செய்வார்கள்?

சரி, மறுபடி ஆரம்பிப்பது. முதலில் லைசென்ஸ் காலாவதியாகிவிட்டதா என்று பாருங்கள். ஆகியிருந்தால் புதுப்பிக்கும்வரை மைக்கைத் தொட வேண்டாம். பழைய ரிக்கை நேராகக் கரண்டில் செருகாதீர்கள். இத்தனை வருடம் சும்மா கிடந்ததில் கெப்பாசிட்டர்கள் கெட்டிருக்கும், தெரிந்தவரிடம் காட்டுங்கள். இந்தச் சுழற்சியின் உச்சம் 2024 வாக்கில் வந்து போய்விட்டது. முழுக்க இறங்க இன்னும் கொஞ்சம் காலம் இருக்கிறது.

எஃப்டி8 என்று ஒன்றைக் கேள்விப்படுவீர்கள். நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் ஜோ டெய்லர் இன்னொருவரோடு சேர்ந்து 2017-ல் கொண்டுவந்தது. 15 விநாடிக்கு ஒரு முறையாகக் கம்ப்யூட்டரே கால்சைனும் (ஹாமின் அடையாளப் பெயர்) சிக்னல் அளவும் மாற்றிக்கொள்ளும். பேச்சே இல்லை. பழைய ஆட்கள் திட்டுகிறார்கள். எனக்கென்னவோ, பேருக்கு இருந்த பேச்சையும் எடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான் என்று படுகிறது.

செலவு செய்யுமுன் வீட்டில் இரைச்சல் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். 95-ல் இல்லாத எல்ஈடி பல்பு, இன்வெர்ட்டர், சார்ஜர் எல்லாம் இப்போது 7 மெகாஹெர்ட்ஸில் கரகரவென்று கத்தும். யாரிடமாவது ஒரு ரிசீவரை இரவல் வாங்கி, காலை ஆறு மணிக்கு மாடியில் பத்தடிக் கம்பியை நீட்டிக் கேளுங்கள். மெயின் ஸ்விட்சை ஆஃப் செய்துவிட்டு பேட்டரியிலும் ஒரு தடவை கேளுங்கள். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று எழுதுங்கள், ஆன்டெனாவைப் பற்றி அப்புறம் பேசலாம்.