எழுபது கட்டுரை படித்தும் ‘விமர்சனம் இல்லை’ என்கிறார் நெறியாளர்: என்ன செய்வது?

கேள்வி: தருமபுரி மாவட்ட மகளிர் சுயஉதவிக் குழுக்கள் பற்றி வணிகவியலில் பகுதிநேர முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். முந்தைய ஆய்வுகள் அத்தியாயத்தில் எழுபது கட்டுரைகளை ஆண்டு வரிசைப்படி, கட்டுரைக்கு ஒரு பத்தியாக எழுதினேன். ‘விமர்சனப் பார்வை இல்லை’ என்று நெறியாளர் திருப்பிக் கொடுத்துவிட்டார். வெளியே ஒரு தீசிஸ் மையத்தில், ‘நாங்களே முடித்துத் தருகிறோம், சிமிலாரிட்டியும் (பிறர் எழுத்தோடு ஒத்துப்போகும் சதவீதம்) பத்துக்குக் கீழே வரும்’ என்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் அத்தியாயத்தைச் சரிசெய்வோம்.

‘இவர் 2012-இல் ஆய்ந்தார், அவர் 2013-இல் கண்டறிந்தார்’ என்று அடுக்கினால் அது வெறும் பட்டியல். ஒரே கேள்விக்கு ஆய்வாளர்கள் ஏன் வெவ்வேறு விடை சொல்கிறார்கள் என்று காட்டுங்கள். நெறியாளர் கேட்பது அதைத்தான்.

உங்கள் துறையிலேயே நல்ல சான்று உண்டு. வங்கதேசத்தில் பெண்களுக்குத் தரப்பட்ட குறுங்கடன் பற்றி 1996-இல் ‘வேர்ல்ட் டெவலப்மென்ட்’ இதழில் இரண்டு கட்டுரைகள் வந்தன. கோயட்ஸும் சென் குப்தாவும், பெண் பெயரில் வாங்கும் கடனில் கணிசமான பகுதி வீட்டு ஆண்களின் கைக்குப் போகிறது என்றார்கள். ஹாஷெமி குழுவினரோ, கடன் பெற்ற பெண்களின் அதிகாரம் கூடுகிறது என்றார்கள். அதே நாடு, அதே ஆண்டு, அதே இதழ்! யார் பொய் சொன்னார்கள்? யாரும் இல்லை. முன்னவர்கள் கடன் பணம் யார் பிடியில் இருக்கிறது என்று பார்த்தார்கள். பின்னவர்கள், பெண் தனியே வெளியே போகிறாளா, தானே பொருள் வாங்குகிறாளா, சட்டம் அரசியல் அறிவாளா என்றெல்லாம் அளந்தார்கள். 2001-இல் நைலா கபீர் இந்த முரண்பாட்டையே எடுத்துக்கொண்டு, ‘அதிகாரம்’ என்பதை ஒவ்வொருவரும் எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்று அலசினார். அந்தக் கட்டுரையை அவசியம் படியுங்கள்.

இனி எழுபது கட்டுரைகளுக்கும் ஒரு அட்டவணை போடுங்கள். என்ன கேள்வி, எந்த ஊர், எத்தனை பேர், எதை அளந்தார்கள், என்ன முடிவு. போட்டு முடித்ததும் மூன்று நான்கு கொத்துகள் தானாகத் தெரியும். கொத்துக்கு ஒரு தலைப்பு. ஒவ்வொன்றின் கடைசியிலும், இதில் எது இன்னும் தெரியவில்லை, அதில் என் ஆய்வு எதை எடுத்துக்கொள்கிறது என்று இரண்டு வரி. எந்தக் கொத்திலும் சேராத கட்டுரையைத் தயங்காமல் விடுங்கள். எழுபது நாற்பதானாலும் பரவாயில்லை.

இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். ஐதராபாத்தில் நடந்து 2015-இல் வெளியான புகழ்பெற்ற குறுங்கடன் ஆய்வு, பெண்களின் அதிகாரத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை என்றது. ஆனால் அங்கே கடன் தந்தது தனியார் நிறுவனம். உங்கள் குழுக்களோ சேமிப்பில் தொடங்குபவை. அதைச் சொல்லாமல் ஒப்பிடக் கூடாது. இன்னொன்று, கிருஷ்ணகிரி பிரிந்தது 2004-இல். அதற்கு முந்தைய ஆய்வில் ‘தருமபுரி மாவட்டம்’ என்றால் இரண்டும் சேர்ந்ததுதான். இதை ஒரு வரியில் எழுதினாலே, நீங்கள் படித்துத்தான் எழுதியிருக்கிறீர்கள் என்று தேர்வாளருக்குத் தெரிந்துவிடும்.

‘கடந்த ஐந்தாண்டுக் கட்டுரை மட்டும்’ என்று பல துறைகளில் வாய்மொழிச் சட்டம் ஒன்று ஓடுகிறது. புள்ளிவிவரத்துக்கு அது சரி. ஒரு விவாதம் தொடங்கிய கட்டுரைக்கு அது பொருந்தாது. மேலே சொன்ன 1996 கட்டுரைகளை வெட்டிவிட்டால் பின்னால் வந்தவர்கள் எதற்குப் பதில் சொன்னார்கள் என்பதே புரியாது. தமிழ்நாட்டில் இந்தக் குழுக்கள் 1989-இல் உங்கள் தருமபுரியில்தான் தொடங்கின; அந்தக் காலத்து ஆவணத்தைப் பழையது என்று யார் தள்ள முடியும்? பழையதை ஏன் வைத்திருக்கிறேன் என்று ஒரு வாக்கியம் எழுதிவிட்டு வையுங்கள். கேட்டால் அதைக் காட்டுங்கள்.

இனி அந்த மையம். அவர்கள் இந்திய ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான ஷோத்கங்காவிலிருந்து பழைய ஆய்வேடுகளின் இதே அத்தியாயத்தை எடுத்து, மென்பொருளில் சொற்களை மாற்றித் தருகிறார்கள். ‘சுயஉதவிக் குழு’ வேறு ஏதோவாக மாறி வந்த பக்கங்களை நானே திருத்தியிருக்கிறேன். இப்போது செயற்கை நுண்ணறிவு வேறு. இல்லாத கட்டுரைக்கு ஆசிரியர் பெயரும் பக்க எண்ணும் போட்டுத் தருகிறது. வைவா என்னும் வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் ஒரு கட்டுரையைப் பற்றிக் கேட்டால் மையத்துக்காரர் வரமாட்டார்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிப்படி ஒப்புமை பத்து சதவீதத்தைத் தாண்டினால் திருத்தித் தர வேண்டும். அறுபதைத் தாண்டினால் பதிவே ரத்து. இந்தச் சதவீதத்தைப் பிடித்துக்கொண்டுதான் இவர்கள் பிழைக்கிறார்கள். மென்பொருள் சொல் ஒப்புமையைத்தான் எண்ணும்; சிந்தனை உங்களுடையதா என்று அதற்குத் தெரியாது. பத்துக்குக் கீழே இருந்தால் படிக்காமலே கையெழுத்துப் போடும் வழக்கம் இருக்கும்வரை இந்தக் கடைகள் மூடாது. அதற்கான விலையை மாணவர்கள் கொடுப்பது கொடுமை.

அட்டவணை முடிந்ததும், அத்தியாயத்தை எழுதும் முன்பே, அதை மட்டும் நெறியாளரிடம் காட்டுங்கள். முப்பது பக்கம் புரட்ட நேரமில்லாதவரும் இரண்டு பக்க அட்டவணையைப் பார்த்துவிடுவார். கொத்துகளுக்கு அவர் ஒப்புதல் தந்த பிறகு எழுத உட்காருங்கள்.