'பாஹிஜே' நம் சொல்லா?

கேள்வி: புனேயில் வேலை பார்க்கிறேன். இங்கே மராத்தியில் எதற்கெடுத்தாலும் 'பாஹிஜே' என்கிறார்கள். 'வேண்டும்' என்று பொருள். 'பாஹணே' என்றால் பார்ப்பதாம். அப்படியானால் இது நம் 'பார்' என்ற சொல்லிலிருந்து போனதுதானே?

பதில்: இல்லை. இரண்டுக்கும் பொது 'பா' மட்டும்தான். நம் சொல்லில் உள்ள 'ர்' எங்கே போனது, 'ஹ' எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் உறவு கொண்டாடக் கூடாது.

சொல்லின் வால்தான் அதன் ஊரைச் சொல்லும். 'பாஹிஜே' என்பதில் உள்ள 'இஜே', பழைய மராத்தியின் செயப்பாட்டு வினை விகுதி. சமஸ்கிருதத்தின் செயப்பாட்டு விகுதியான 'ய', அதன் பின் வந்த பேச்சு மொழியான பிராகிருதத்தில் 'இஜ்ஜ' ஆகி, மராத்தியில் 'இஜே' ஆனது. ஆக, 'பாஹிஜே' என்றால் முதலில் 'பார்க்கப்படுகிறது' என்றே பொருள். பார்ப்பது எப்படி வேண்டுவதாயிற்று? நாமும் 'கடைக்கு ஆள் பார்க்கிறோம்', 'பையனுக்குப் பெண் பார்க்கிறோம்' என்கிறோமே, அதே பார்வைதான். தேடப்படுவது வேண்டப்படுவதாகிவிட்டது.

பழைய தடம் இன்றும் அழியவில்லை. 'மலா ஆம்பா பாஹிஜே' என்றால் எனக்கு மாம்பழம் வேண்டும். இரண்டு மாம்பழம் கேட்டுப் பாருங்கள்: 'மலா தோன் ஆம்பே பாஹிஜேத்'. கேட்பவர் ஒருவர்தான், ஆனாலும் வினை பன்மையாகிவிட்டது! அந்த வாக்கியத்தில் எழுவாய் நீங்கள் அல்ல, மாம்பழம். இந்தி 'சாஹியே'யும் இதே வழியில் வந்ததுதான். நீங்கள் தினமும் கேட்கும் இன்னொரு சொல் 'ம்ஹணஜே', அதாவது நம் 'அதாவது'. அதுவும் 'ம்ஹணிஜே', 'சொல்லப்படுகிறது' என்று இருந்ததே. 1290-இல் இயற்றப்பட்ட ஞானேஸ்வரியை, அதாவது பகவத் கீதைக்கான பழைய மராத்தி உரையைப் புரட்டினால் இந்த 'இஜே' வடிவங்களைத் தாராளமாகப் பார்க்கலாம்.

கேட்டதும் ஒரே மாதிரி ஒலிக்கிறது என்று எல்லாவற்றையும் தமிழ் என்பது தமிழுக்குப் பெருமை சேர்க்காது. உண்மையான திராவிடச் சாயல் மராத்தியில் நிறையவே இருக்கிறது. 'அக்கா', 'அண்ணா' இரண்டும் அங்கே வீட்டுச் சொற்கள். அதைவிட முக்கியமானது, நாம் – நாங்கள் வேறுபாடு. அவர்களின் 'ஆபண்' என்ற சொல் சமஸ்கிருத வழியில் வந்ததுதான், ஆனால் அதை 'நாம்' என்ற பொருளில் பிரித்து ஆளும் வழக்கம் திராவிட மொழிகளின் பக்கத்திலிருந்து வந்தது என்பதே அறிஞர்கள் பலரின் கருத்து. சாயங்காலம் அலுவலக நண்பர்கள் 'ஆபண் ஜாஊ' என்றால் நீங்களும் கிளம்பலாம். 'ஆம்ஹீ ஜாதோ' என்றால், சரி, அவர்கள் மட்டும் போகிறார்கள்.