மைத்துனர் ஓட்டினார் என்பதற்காக நீங்கள் ஓட்ட முடியாது

கேள்வி: டிசம்பரில் மனைவியோடு வட தாய்லாந்தின் ‘நான்’ (Nan) என்ற மாகாணத்துக்கு ஐந்து நாள் போகிறோம். கோயில்கள், நெசவுக் கிராமங்கள், மலைமேல் இருக்கும் உப்புக் கிணறு எல்லாவற்றையும் வாடகை ஸ்கூட்டரில் சுற்றத் திட்டம். கோலாலம்பூரில் இருக்கும் மைத்துனர் மலேசிய லைசென்ஸை மட்டும் வைத்துக்கொண்டு அங்கே ஓட்டியிருக்கிறார். என் லைசென்ஸில் பைக், கார் இரண்டும் உண்டு. ஆங்கிலத்தில்தான் இருக்கிறது, அதுவே போதும் என்கிறார் டிராவல் ஏஜென்ட். போதுமா?

பதில்: போதாது. ஐடிபி எனப்படும் சர்வதேச ஓட்டுநர் அனுமதிப் புத்தகம் வேண்டும். அதில் மோட்டார் சைக்கிளுக்கான ‘ஏ’ பிரிவில் முத்திரை இருக்க வேண்டும். கூடவே உங்கள் அசல் இந்திய லைசென்ஸும் கையில் இருக்க வேண்டும்.

ஏஜென்ட் சொல்வதில் ஒரு உண்மை இருக்கிறது: வண்டி கிடைத்துவிடும். பல வாடகைக் கடைகளில் லைசென்ஸைப் பார்க்காமலேயே சாவியைக் கொடுத்துவிடுவார்கள். அதை அனுமதி என்று நினைத்துவிடாதீர்கள். கடைக்காரருக்கு வாடகை வந்தால் சரி, ஏஜென்டுக்கு உங்கள் பயணம் உறுதியானால் சரி. வண்டியோடு விழுந்தால் ஆஸ்பத்திரியில் பில் கட்டப்போவது நீங்கள்.

மைத்துனர் விஷயத்துக்கு வருவோம். இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லியாக வேண்டும், இந்தக் குழப்பம் பல குடும்பங்களில் இருக்கிறது. அவர் செய்தது சரிதான். ஆசியான் எனப்படும் தென்கிழக்கு ஆசியக் கூட்டமைப்பின் நாடுகள் 1985இல் ஒரு ஒப்பந்தம் போட்டன. ஒரு உறுப்பு நாடு கொடுத்த லைசென்ஸை மற்ற உறுப்பு நாடுகள் ஏற்க வேண்டும் என்பது அதன் சாரம். மலேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து மூன்றும் அதில் உண்டு. இந்தியா ஆசியானில் இல்லை, அதனால் அந்தச் சலுகை உங்களுக்குக் கிடையாது. மைத்துனருக்கும் ஒரு நிபந்தனை இருக்கிறது: எந்த வகை வண்டிக்கு லைசென்ஸ் வாங்கியிருக்கிறாரோ அதைத்தான் ஓட்டலாம். மலேசியாவில் காருக்கு மட்டும் ‘டி’ லைசென்ஸ் வைத்திருப்பவரோ, சிங்கப்பூரில் காருக்கான கிளாஸ் 3 மட்டும் வைத்திருப்பவரோ அங்கே ஸ்கூட்டரைத் தொடக் கூடாது. மைத்துனரிடம் மலேசிய பைக் வகுப்பு இருந்திருக்கும், அதனால் பிரச்சினை இல்லை. ஆகவே “அவர் ஓட்டினாரே” என்ற பேச்சை இத்தோடு விட்டுவிடுங்கள்.

போலீஸ் நிறுத்தினால் அபராதத்தோடு போய்விடும், அதற்காக இவ்வளவு சொல்லவில்லை. என் கவலை காப்பீடு. சட்டப்படி செல்லுபடியாகும் உரிமம் இல்லாமல் ஓட்டி அடிபட்டால் பொறுப்பில்லை என்று பயணக் காப்பீட்டு ஆவணங்களில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். யாரும் படிப்பதில்லை. வாடகை வண்டிக்கு இருக்கும் கட்டாயக் காப்பீடு சிகிச்சைச் செலவில் ஓரளவுக்குத்தான் வரும், வண்டிச் சேதத்துக்கு வராது.

நீங்கள் போகும் பாதையும் சாதாரணமானது இல்லை. உப்புக் கிணறு இருக்கும் போ க்ளுவாவுக்குப் புவா ஊரிலிருந்து 1256ஆம் எண் சாலை போகிறது. தோய் பூ கா தேசியப் பூங்கா மலையில் ஏறி மறுபக்கம் இறங்க வேண்டும். டிசம்பர் காலையில் பனிமூட்டம் இருக்கும், வளைவுகளில் தார் ஈரமாக இருக்கும். கியர் இல்லாத ஸ்கூட்டரில் இஞ்சினை வைத்து வேகத்தைப் பிடிப்பது கஷ்டம். நீண்ட இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்தபடியே வந்தால் சூடேறிப் பிடி தளர்ந்துவிடும். பின்னால் ஆளை உட்கார வைத்துக்கொண்டு அங்கே போக வேண்டாம் என்பதுதான் என் கருத்து, ஐடிபி இருந்தாலும்.

ஐடிபி வாங்குவது உண்மையில் எளிது. உங்கள் லைசென்ஸுக்குரிய ஆர்டிஓ அலுவலகத்துக்கு மத்திய அரசின் போக்குவரத்துச் சேவைத் தளமான பரிவாஹன் வழியாக விண்ணப்பிக்கலாம். கட்டணம் 1000 ரூபாய், ஒரு வருஷம் செல்லும். 2021 ஜனவரியில் மத்திய அரசு விதியைத் திருத்தி, விசாவும் மருத்துவச் சான்றும் தேவையில்லை என்று அறிவித்துவிட்டது. அப்படியும் “விசா எங்கே?” என்று கேட்டுத் திருப்பி அனுப்பும் கவுன்ட்டர்கள் இருக்கின்றன. விதி மாறியது உள்ளே இருப்பவருக்குத் தெரியாதாம், வாசலில் நிற்கும் புரோக்கருக்கு மட்டும் எல்லாம் தெரியுமாம்! ஒரு ஸ்டாம்ப் வைக்கும் வேலைக்கு ஜனங்களை இப்படி அலைய வைப்பதைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது. புரோக்கரிடம் போகாதீர்கள். அந்த அறிவிப்பை அச்சடித்துக் கையில் கொண்டுபோங்கள்.

இணையத்தில் ‘சர்வதேச லைசென்ஸ்’ என்று பிளாஸ்டிக் அட்டை விற்பவர்கள் இன்னும் மோசம். பத்து வருஷம் செல்லும், வீட்டுக்கே வரும் என்பார்கள். அது வெறும் அட்டை. உங்களுக்கான ஐடிபியைக் கொடுக்க அதிகாரம் இருப்பது இந்திய அரசுக்குத்தான். புத்தகம் கைக்கு வந்ததும் கவுன்ட்டரிலேயே நின்று, வண்டிப் பிரிவுகள் இருக்கும் பக்கத்தைத் திறந்து பாருங்கள். காருக்கான ‘பி’யில் மட்டும் முத்திரை குத்தி ‘ஏ’யை வெறுமனே விட்டிருந்தால் அங்கேயே திருத்தச் சொல்லுங்கள்.

அடுத்த பொறி பாஸ்போர்ட். ஸ்கூட்டருக்கு அடமானமாக அசல் பாஸ்போர்ட்டைக் கேட்பார்கள். கொடுக்காதீர்கள். நகலும் ரொக்க டெபாசிட்டும் கொடுங்கள், ஒத்துக்கொள்ளாவிட்டால் வேறு கடை பாருங்கள். பாஸ்போர்ட் அவர் மேஜையில் இருந்தால், பழைய கீறலுக்கும் நீங்கள்தான் காசு கட்டிவிட்டு வர வேண்டியிருக்கும். சாவி வாங்கும் முன் வண்டியை நாலா பக்கமும் வீடியோ எடுத்து வையுங்கள்.

சரி, ஸ்கூட்டர் இல்லாமல் பார்க்க முடியாதா? ‘நான்’ நகரத்துக்குள் அது தேவையே இல்லை. 1596இல் கட்டிய வாட் பூமின் கோயில், அதன் சுவரோவியங்கள், பக்கத்தில் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கும் கருநிற யானைத் தந்தம், வாட் மிங் முவாங் கோயில் எல்லாம் நடந்தே போகும் தூரம். வாட் பூமினில் பாதிப் பேர் காதில் ரகசியம் பேசும் ஜோடியின் ஓவியத்தைப் படம் எடுத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். நீங்கள் மற்றச் சுவர்களையும் பாருங்கள், அக்கால ஜனங்கள் நெய்வதும் புழங்குவதும் அங்கேதான் இருக்கிறது. புவாவுக்கும் போ க்ளுவாவுக்கும் டிரைவரோடு கார் எடுங்கள். தங்கும் விடுதியில் கேட்டாலே ஏற்பாடு செய்வார்கள். இங்கிருந்தே ஏஜென்ட் வழியாகப் போட்டால் கமிஷன் கடைகளில்தான் நிறுத்துவார்கள்.

போ க்ளுவாவில் கிணற்று உப்புநீரைப் பெரிய வாணலிகளில் விறகு எரித்துக் காய்ச்சுவார்கள். திரண்ட உப்பை வாரி மேலே தொங்கும் மூங்கில் கூடையில் போட, அதிலிருந்து நீர் சொட்டுச் சொட்டாக வாணலிக்கே திரும்பும். உப்பை அங்கேயே வாங்கலாம், விலையும் அதிகமில்லை.

அந்தப் பகுதியில் வாழும் தை லூ இன மக்கள் நெய்யும் ‘நீரோட்ட’ வடிவத் துணி வாங்கினால் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். தறியில் நெய்ததில் வடிவமும் நிறமும் பின்னாலும் தெளிவாக இருக்கும், அச்சடித்ததில் மங்கிக் கிடக்கும்.

கடைசியாக ஒன்று. தாய்லாந்துக்குள் நுழைய 2025 மே 1 முதல் டிஜிட்டல் வருகை அட்டை கட்டாயம். வந்திறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் குடியேற்றத் துறையின் தளத்தில் நிரப்ப வேண்டும், ஒரு பைசா கட்டணம் கிடையாது. அரசுத் தளம் போலவே வேஷம் போட்டுக் கார்டு எண் கேட்கும் தளங்கள் தேடலில் முன்னால் வந்து நிற்கும். முகவரியின் முடிவில் தாய்லாந்து அரசுத் தளங்களுக்கான ‘டாட் ஜிஓ டாட் டிஎச்’ (.go.th) இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நிரப்புங்கள். விசா விதி மாறிக்கொண்டே இருப்பதால், டிக்கெட் எடுக்கும் முன் அதைத் தூதரகத் தளத்தில் நீங்களே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.