நுரையீரல் மாற்று ஆபரேஷன்: மயக்க மருத்துவரிடம் வாசகர்கள் கேட்டவை

அப்பாவுக்கு சி.ஓ.பி.டி. (நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய்). பக்கத்து பெட்காரருக்கு ஐ.எல்.டி. (நுரையீரல் தழும்பாகி விறைக்கும் நோய்). இருவருக்குமே நுரையீரல் மாற்று. மயக்கம் கொடுப்பதும் ஒரே மாதிரிதானே டாக்டர்? (திருச்சி)

ஆபரேஷன் ஒன்றுதான். ஆனால் புது நுரையீரல் வேலை செய்யத் தொடங்கும்வரை பழையதை வைத்துத்தான் நாங்கள் சமாளிக்க வேண்டும். அது எந்த விதத்தில் கெட்டிருக்கிறது என்பதே எங்களுக்கு முக்கியம்.

சி.ஓ.பி.டி.யில் காற்று உள்ளே சுலபமாகப் போகும். வெளியே வரத்தான் நேரமாகும். வென்டிலேட்டரை வேகமாக ஓட்டினால் போன மூச்சு வெளியேறுமுன் அடுத்தது நுழைந்துவிடும். மார்பு ஊதி, இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் தடைப்படும். மயக்கம் கொடுத்த கொஞ்ச நேரத்தில் பிரஷர் சரிந்தால், முதலில் மூச்சுக்குழாயை வென்டிலேட்டரிலிருந்து கழற்றிவிடுவோம். தேங்கிய காற்று புஸ்ஸென்று வெளியேற, மானிட்டரில் பிரஷர் ஏறும். ஏறவில்லையென்றால் நுரையீரலில் ஓட்டை விழுந்து மார்புக்கூட்டில் காற்று கசிகிறதா என்று பார்ப்போம். நிமிடத்துக்கு 8, 10 மூச்சு போதும். கார்பன் டை ஆக்சைடு கொஞ்சம் கூடினாலும் பொறுத்துக்கொள்வோம்.

ஐ.எல்.டி. நேரெதிர். காய்ந்த ஸ்பாஞ்சு மாதிரி விறைத்த நுரையீரல். சின்னச் சின்ன மூச்சாகத்தான் கொடுக்க முடியும். ஒரு பக்கத்தை நிறுத்திவிட்டு மறுபக்கத்தை மட்டும் ஓட்டும்போது ஆக்சிஜன் சட்டென்று விழும். பலருக்கு நுரையீரல் ரத்தக் குழாய்களில் அழுத்தமும் கூடியிருக்கும். அதனால் எக்மோ (உடம்புக்கு வெளியே ரத்தத்தில் ஆக்சிஜன் ஏற்றும் இயந்திரம்) தேவைப்படுவது இவர்களுக்கு அதிகம்.

என் மனைவிக்குப் பல்மனரி ஹைபர்டென்ஷன் (நுரையீரல் ரத்தக் குழாய்களில் அழுத்தம் கூடும் நோய்). மயக்கம் கொடுக்கும் நிமிடமே பெரிய ஆபத்து என்கிறார்கள். பயமுறுத்துகிறார்களா? (ஈரோடு)

இல்லை, உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்கள். இந்த நோயில் இதயத்தின் வலப்பக்கம் ஏற்கெனவே திணறிக்கொண்டிருக்கிறது. மயக்க மருந்தால் உடம்பின் பிரஷர் இறங்கினால், அந்த வலப்பக்கத் தசைக்கே ரத்தம் குறையும். அது தளர்ந்தால் இடப்பக்கம் நிரம்பாது. பிரஷர் இன்னும் விழும். இந்தச் சுழலில் மாட்டினால் மீட்பது மிகக் கடினம். ஆக்சிஜன் குறைவு, கார்பன் டை ஆக்சைடு, குளிர் எல்லாமே நுரையீரல் குழாய்களை மேலும் இறுக்கும்.

ஆகவே அவர் விழித்திருக்கும்போதே பிரஷரை நொடிக்கு நொடி பார்க்க மணிக்கட்டுத் தமனியில் லைன் போட்டுவிடுவோம். தேவையென்று பட்டால், மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, எக்மோவுக்காகத் தொடை இடுக்கிலும் குழாய் தயாராக இருக்கும். சர்ஜன் கை கழுவி கவுன் போட்டு நிற்பார். பிரஷரை ஏற்றும் நார்-அட்ரினலின் ஓட ஆரம்பித்த பிறகே மயக்க மருந்து, அதுவும் மெல்ல மெல்ல. வாசோபிரசின் என்ற மருந்தும் கைகொடுக்கும்: நுரையீரல் குழாய்களை அவ்வளவாக இறுக்காமல் உடம்பின் பிரஷரை ஏற்றும். நுரையீரல் குழாய்களைத் தளர்த்த, மூச்சு வழியாக நைட்ரிக் ஆக்சைடும் தருவோம்.

'ரொம்பப் பதறுகிறாள், தூக்கத்துக்கு ஒரு ஊசி போடுங்களேன்' என்று வார்டில் கேட்காதீர்கள். மூச்சு மந்தமானால் கார்பன் டை ஆக்சைடு ஏறும். கூடவே உட்கார்ந்து பேச்சுக்கொடுங்கள், அது போதும்.

ஆபரேஷன் முடிந்தும் எக்மோவைக் கழற்றவில்லையே என்று கலங்க வேண்டாம். பல காலம் குறைந்த ரத்தத்தையே தள்ளிப் பழகிய இதயத்தின் இடப்பக்கம் புதுச் சுமைக்குப் பழக அவகாசம் வேண்டும். வியன்னா மருத்துவர்கள் இதற்காகவே சில நாள் எக்மோவைத் தொடர்கிறார்கள். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

தங்கைக்கு டி.பி.க்குப் பிறகு பிராங்கியெக்டாசிஸ் (மூச்சுக்குழாய்கள் விரிந்து சளியும் கிருமியும் தேங்கும் நோய்). ஒரு நுரையீரல் மாற்றினால் போதாதா? (நாகர்கோவில்)

பொதுவாகப் போதாது. விட்டுவைத்த பக்கத்துக் கிருமி புதியதற்கும் பரவும். நாங்கள் முதலில் அகலமான ஒற்றைக் குழாய் போட்டு, பிராங்கோஸ்கோப் (மூச்சுக்குழாய்க்குள் பார்க்கும் கருவி) விட்டுச் சளியை உறிஞ்சுவோம். பிறகுதான் இரண்டு நுரையீரலுக்கும் தனித்தனியே காற்று தரும் இரட்டைக் குழாய். அதன் துளைகள் குறுகல், கெட்டிச் சளி வராது. கடைசியாக எடுத்த சளி கல்ச்சர் (கிருமிப் பரிசோதனை) ரிப்போர்ட் கைவசம் இருக்கட்டும், ஆன்டிபயாடிக் அதை வைத்தே. டி.பி. தழும்பால் நுரையீரல் மார்புச் சுவரோடு ஒட்டியிருக்கும். பிரிக்கும்போது ரத்தம் நிறையப் போகலாம். அதற்காக சலைனை ஊற்றித் தள்ளவும் முடியாது: புது நுரையீரலில் நீர் கோக்கும்.

அப்படியானால் ஒன்று மட்டும் யாருக்கு மாற்றுகிறார்கள்? (சேலம்)

1983-ல் டொராண்டோவில் ஜோயல் கூப்பர் குழு ஒற்றை நுரையீரல் பொருத்திய நோயாளி ஆறு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். அவருக்கு இருந்தது நுரையீரல் தழும்பாகி விறைக்கும் ஃபைப்ரோசிஸ். விறைத்த பழைய நுரையீரல் ஏற்காத காற்றும் ரத்தமும் புதியதற்கே போகும் என்பது கணக்கு. சி.ஓ.பி.டி.க்கும் ஒன்று மட்டும் மாற்றுவதுண்டு. ஆனால் பழையது ஊதிப் புதியதை நெருக்கக்கூடும். சில சமயம் இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி வென்டிலேட்டர் வைப்போம்.

மாற்று முடிந்து மூன்று வருடம். இப்போது ஹெர்னியா ஆபரேஷன். என்ன சொல்ல வேண்டும்? (கோவை)

புது நுரையீரலை உடம்பு நிராகரிக்காமலிருக்க டாக்ரோலிமஸ் சாப்பிடுவதையும், ரத்தத்தில் அதன் கடைசி அளவையும் சொல்லுங்கள். யார் சொன்னாலும், மாற்றுக் குழுவைக் கேட்காமல் அதை நிறுத்தாதீர்கள். வலிக்கு டைக்ளோஃபினாக் வேண்டாம், சிறுநீரகம் தாங்காது. புது நுரையீரலின் மூச்சுக்குழாயை இணைத்த தையலுக்குக் கீழே நரம்புத் தொடர்பு அறுந்திருப்பதால் அங்கே சளி தேங்கினாலும் தானாக இருமல் வராது. முடிந்தால் முதுகு ஊசியே நல்லது என்பேன். முழு மயக்கம்தான் என்றால், விழித்ததும் பிசியோதெரபிஸ்ட் சொல்லச் சொல்ல நீங்களாகவே முயன்று இரும வேண்டும்.