ஸ்கீ பூட்ஸில் விரல் மரத்துப்போகிறதா?

வணக்கம். ஒரு அளவு பெரிய ஸ்கீ (பனிச்சறுக்கு) பூட்ஸ், உள்ளே இரண்டு கம்பளி சாக்ஸ், ஆனாலும் ஒரு மணி நேரத்தில் விரல் மரத்துப்போகிறது என்று எழுதியிருந்தீர்கள். அந்த இரண்டும்தான் வில்லன் என்று நினைக்கிறேன்.

பூட்ஸ் பெரிதாக இருந்தால் கால் உள்ளே ஆடும். ஆடக்கூடாதென்று பக்கிளை (பூட்ஸின் கொக்கியை) இறுக்குவீர்கள். மேல்பாதம் அழுந்தி, விரல்வரை ரத்தம் சரியாகப் போகாது. அப்புறம் எங்கிருந்து சூடு வரும்? கூடுதல் சாக்ஸ் வியர்வையையும் மடிப்பையும்தான் கூட்டும். மெல்லிய மெரினோ கம்பளி சாக்ஸ் ஒரு ஜோடி போதும். பருத்தி வேண்டவே வேண்டாம்.

லைனரை, அதாவது உள்ளே இருக்கும் மெத்தையான உறையை, கழற்றிவிட்டு வெறும் பிளாஸ்டிக் ஓட்டுக்குள் காலை விடுங்கள். விரல் முன்னால் லேசாகத் தொடும்போது குதிகாலுக்குப் பின்னால் ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் இடைவெளி இருந்தால் சரி. அதற்கு நிறைய மேலே போனால் பூட்ஸை மாற்றத்தான் வேண்டும். பூட்ஸின் எண் பாதத்தின் நீளம்தான்: 26.5 என்றால் 26.5 செ.மீ. அகலம் 98, 100, 102 மி.மீ. எனத் தனியாக வரும். அகலப் பாதம் என்றால் அகலமான மாடலைக் கேளுங்கள், நீளத்தைக் கூட்டாதீர்கள்.

மலைமேல் ஏற்றிவிடும் ஸ்கீ லிஃப்டில் போகும்போது பக்கிளைத் தளர்த்துங்கள். இரவில் லைனரை உலர்த்துங்கள்; கார் டிக்கியில் விட்டால் காலையில் ஐஸ்தான். பேட்டரியில் சூடாகும் சாக்ஸ் விலை அதிகம், அதைக் கடைசியாகப் பார்க்கலாம்.