ஒற்றைத் தலைவலிக்கு மூளையின் தடுப்புச் சுவர்தான் காரணமா?

கேள்வி: எனக்கு வயது 36. களுவாஞ்சிக்குடியில் வசிக்கிறேன். ஆறு மாதமாகக் கிழமைக்கு நாலு நாள் ஒற்றைத் தலைவலிக்குப் பனடோல் போடுகிறேன். சில வேளை வலிக்கு முன் கண்ணில் மின்னும் வளைகோடுகள் தெரிகின்றன. மூளையின் தடுப்புச் சுவர் ஒழுகுவதே காரணம், அதை அடைக்கச் சத்து மாத்திரை உண்டு என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். அப்படி அடைத்து ஒற்றைத் தலைவலியைத் தீர்ப்பதாக நிரூபிக்கப்பட்ட மாத்திரை எதுவும் இல்லை.

மூளையின் நுண் இரத்தக் குழாய்களில் உட்சுவர்க் கலங்கள் நெருக்கமாக ஒட்டியிருக்கின்றன. இரத்தத்தில் வரும் பல பொருட்களை உள்ளே விடாத தடுப்பு அதுதான். நீங்கள் காணும் வளைகோடுகளுக்குக் காரணமாகக் கருதப்படும் மின் அலையை எலிகளின் மூளையில் உண்டாக்கியபோது அந்தத் தடுப்பு தளர்ந்தது உண்மை. ஆனால் மனிதரில், தலைவலி இருக்கும்போதே ஸ்கேன் செய்து பார்த்த ஆய்வுகளில் ஒழுக்கு தென்படவில்லை.

தலையின் வலியை உணர்த்தும் முப்பிரிவு நரம்பின் முடிச்சும் மூளையை மூடிய தடித்த சவ்வும் தடுப்புக்கு வெளியேதான் இருக்கின்றன. 2018இல் பாவனைக்கு வந்த எரெனுமாப் ஊசிமருந்து தடுப்பைத் தாண்டி மூளைக்குள் செல்வது மிகச் சொற்பம். அப்படியிருந்தும் பலருக்குத் தலைவலி நாட்களைக் குறைக்கிறது. 2024இல் வெளியான எலி ஆய்வொன்று, அந்த மின் அலைக்குப் பின் மூளையைச் சூழ்ந்த திரவமே வலி தூண்டும் பொருட்களை நரம்பு முடிச்சுவரை கொண்டு செல்வதைக் காட்டியது. திறந்த வாசல் இருக்கும்போது சுவர் இடிய வேண்டியதில்லை.

என்னைக் கவலைப்பட வைப்பது உங்கள் பனடோல் கணக்கு. மாதத்தில் 15 நாட்களோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் எடுத்தால் வலி மாத்திரையே தலைவலியை வளர்க்கும். நீங்கள் அந்த எல்லையைக் கடந்துவிட்டீர்கள். கலண்டரில் வலி வந்த நாளுக்கு வட்டமும் மாத்திரை போட்ட நாளுக்குப் புள்ளடியும் இட்டு, ஆதார வைத்தியசாலையில் காட்டுங்கள். மாத்திரையைக் குறைக்கவும், தலைவலி வராமல் தடுக்கும் மருந்து தொடங்கவும் அது உதவும். ஆஸ்துமா இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். அந்த மருந்துகளில் புரோபிரனலோல் உங்களுக்கு ஆகாது.

குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை பாவிக்கிறீர்களா? வளைகோடுகள் தெரிபவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை பக்கவாத அபாயத்தைக் கூட்டும். கிளினிக்கில் இதைச் சொல்லி மாற்று முறை கேளுங்கள்.

இடிபோல் திடீரென வெடிக்கும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கைகால் வலுவிழத்தல், பேச்சுக் குழறல் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் கிளினிக் நாள்வரை காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.